பூட்ஸ் அக்காவின் வாய்க்கால்

சர்வேயர் அம்மாள் நான்காவது கல்லையும் ஊன்றி முடித்து, கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "இது உங்க மனை அக்கா," என்றார்.

பூட்ஸ் அக்கா நான்கு கல்லுக்கும் நடுவில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். வீடு உள்ளே இருந்தது. கிணறும் உள்ளே இருந்தது. துணி காயப்போடும் கம்பியின் ஒரு முனை மட்டும் கல்லைத் தாண்டி வெளியே போயிருந்தது.

"அப்போ அது?" என்று கல்லுக்கு அப்பால் கையைக் காட்டினாள். சரிவும் அதற்குக் கீழே புல்வெளியும் சதுப்பும் காடும் கண்ணுக்கு எட்டின மட்டும் கிடந்தன. நேற்றுவரை எல்லாம் அவள் நடந்த நிலம்.

"அதுவும் உங்களோடதுதான்."

"அதுவும் என்னோடதுன்னா இந்தக் கல்லு எதுக்கு?"

"இது உங்களுக்கு மட்டும். அது உங்களுக்கும் சேர்த்து."

பூட்ஸ் அக்கா தலையாட்டினாள். வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டு பல் டாக்டர் ஏதாவது கேட்டால் ஆட்டுவோமே, அந்த மாதிரி.

அப்போது அவளுக்கு அறுபதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை, அவளும் வேண்டாமென்று சொன்னதில்லை. மாடு கறக்கிற நேரத்துக்கும் வாய்க்கால் தூர்வாருகிற நேரத்துக்கும் நடுவில் அந்தப் பேச்சு நுழைய இடமில்லாமல் போயிற்று, அவ்வளவுதான். முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் பூட்ஸை வெயிலிலும் மழையிலும் போட்டுக்கொண்டே திரிவாள். பால் வண்டிக்காரர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. சொந்தத் தம்பியே கோபம் வந்தால் "பூட்ஸு" என்றுதான் கூப்பிடுவான்.

அந்த வாய்க்காலைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. நிலத்தின் கீழ்க்கோடியில் சதுப்பு. மழைக்காலத்தில் மாடு இறங்கினால் வயிறுவரை புதையும். அதன் குறுக்கே அவள் அப்பா ஒரு வடிகால் வாய்க்கால் வெட்டித் தண்ணீரைக் காட்டோரத்து ஓடையில் இறக்கிவிட்டார். அவர் வெட்டியது ஒரு தடவைதான். ஆனால் வெட்டினால் வெட்டினபடி கிடக்கிற ரகமில்லை அது. கரை சரியும், சேறு ஏறும், கோரை முளைத்து அடைக்கும். பத்தொன்பது வயதில் அப்பா மண்வெட்டியை அவள் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை.

தம்பிக்கு மண்வெட்டி வேலைக்கு உடம்பு வளையவில்லை. ஒரு முழம் தோண்டிவிட்டு உட்கார்ந்துவிடுவான். அப்பாவுக்கு அடிக்கக் கை கூசாது, கையில் கிடைத்ததைக் கொண்டு அடிப்பார். மீசை அரும்புவதற்குள் பையன் நகரத்துக்கு ஓடிப்போய் ஒரு டயர் கடையில் சேர்ந்தான். பிற்பாடு அந்தக் கடைக்கே முதலாளி ஆனான்.

அப்பா போய்ச் சேர்ந்ததும் நிலம் இரண்டு பேர் பெயருக்கும் வந்தது. தம்பி விற்றுவிடலாம் என்றான். வாங்க ஒரு கம்பெனி தயாராக இருந்தது. சதுப்பை மண்கொட்டி மூடி, காட்டை வெட்டி, வரிசை வரிசையாக வீடு கட்டுவார்களாம். அக்கா முடியாது என்றாள். "ஏன்?" என்று அவன் கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காக முடியும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அக்காளும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் சர்வேயர் அம்மாள் ஒரு யோசனையோடு வந்தார். மேட்டுப் பக்கம், தரை கெட்டியாக இருக்கிற இடத்தில் மட்டும் எட்டுச் சின்ன மனைகள். ஒன்று அக்காவுக்கு, மற்றவை வீடு கட்டிக் குடியிருக்க விரும்புகிறவர்களுக்கு. மீதி நிலத்தைக் கூறுபோடக் கூடாது. அது எட்டு வீட்டுக்கும் பொது. அதில் யாரும் கட்டக் கூடாது, வேலி போடக் கூடாது, உழக் கூடாது. வண்டிகள் வாசல் கேட்டோடு நிற்கும். உள்ளே ஒற்றையடிப் பாதைதான். தெருவிளக்கு கிடையாது. கூரையில் விழுகிற மழையை அவரவர் தொட்டியில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

விற்றதும் ஆச்சு, விற்காததும் ஆச்சு. அக்கா விட்டுக்கொடுத்தாள் என்று தம்பி நினைத்தான், தம்பி விட்டுக்கொடுத்தான் என்று அக்கா நினைத்தாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மாடுகள் வேறொரு பண்ணைக்குப் போயின. மறுநாள் காலை முகத்தில் வெயில் படும்வரை பூட்ஸ் அக்கா தூங்கினாள். எழுந்து கட்டிலில் உட்கார்ந்தபோது இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கொஞ்சம் அழுதாள். அழுகைக்குக் காரணம் தேடிப் பார்த்தாள், அகப்படவில்லை. பல் துலக்கிவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், எனக்கு மாடுன்னாலே பிடிக்காது போலிருக்குடா."

"என்னக்கா சொல்றே? நாப்பது வருஷமா அதுங்களோடதானே இருந்தே?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

ஒரு வருஷத்துக்குள் மற்ற மனைகளில் வீடு எழும்பியது. சின்னச் சின்ன மர வீடுகள். குடிவந்தவர்கள் நல்ல மாதிரிதான். ஆனால் அவர்கள் செய்வது ஒன்றும் அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு மதியம் புல்வெளியில் ஒரு ஆள் குப்புற விழுந்து கிடந்தார். அக்கா பதறியடித்து ஓடினாள். தோளைப் பிடித்துத் திருப்பியதும் அவர், "ஷ்ஷ்," என்றார். மூக்குக்கு நேரே விரல் நக அளவில் ஒரு தவளைக்குஞ்சு உட்கார்ந்திருந்தது. அவர் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர். மூன்றாவது வீட்டுக்காரர். நாய், பூனை என்றால் அவருக்கு இப்போது அலுப்பு. மனசெல்லாம் தவளைதான். அன்றிலிருந்து அவர் தவளை டாக்டர் ஆனார். பெயர் வைத்தது பூட்ஸ் அக்கா.

பக்கத்து வீட்டில் பேக்கரிக்காரரும் அவர் மனைவியும். அவர் ஒருநாள் கூடையோடு வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, காட்டோரமா பழம் பழுத்துக் கிடக்கு. கொஞ்சம் பறிச்சுக்கட்டுமா?"

"பறிச்சுக்கோங்க," என்றாள். அவர் நாலடி போனதும், "ஆமா, எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அது உங்களோடதும்தானே?"

பேக்கரிக்காரர் கூடையைப் பார்த்தார். "அப்போ யார்கிட்ட கேக்கணும்?"

"யார்கிட்டயும் வேண்டாம்னு நினைக்கிறேன்."

"அப்படிச் சும்மா பறிச்சா திருடற மாதிரி இருக்கே."

அக்காவும் கூடையைப் பார்த்தாள். கடைசியில், "நான் உங்ககிட்ட கேட்டுக்கறேன், நீங்க எங்கிட்ட கேட்டுக்கோங்க," என்று அவர் ஒரு வழி சொன்னார். அது சரியாகப் பட்டது.

விறகு விஷயம்தான் சரியாகப் படவில்லை. காற்றில் முறிந்து விழுந்த ஒரு பெரிய கிளையை அவள் வழக்கம்போல வீட்டுக்கு இழுத்து வந்தாள். மாலையில் தவளை டாக்டர் தயங்கித் தயங்கி வந்து, விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும் என்பது எல்லாருமாகப் பேசி ஒப்புக்கொண்டதுதானே என்று நினைவூட்டினார்.

"கிடந்து?"

"மக்கும். உள்ளே வண்டு குடியிருக்கும்."

"வண்டுக்கா?"

"வண்டுக்குத்தான் அக்கா."

அவள் சண்டை போடவில்லை. கிளையைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள். அங்கே போனதும், இது எந்தப் பக்கம் தலை வைத்துக் கிடந்தது என்ற சந்தேகம் வந்துவிட்டது. இப்படிப் போட்டுப் பார்த்தாள், அப்படிப் புரட்டிப் பார்த்தாள். வண்டுக்கு எப்படியிருந்தால் வசதி என்று கேட்க டாக்டரைத் தேடிப் போகலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

பழைய மாட்டுக்கொட்டகையைச் சுத்தம் செய்து, ஜன்னல் வைத்து, எல்லாருக்கும் பொது அறையாக்கியிருந்தார்கள். ஒரு கோடை மாலையில் அங்கே கூட்டம் நடந்தது. பேக்கரி அம்மா சூடாக ரொட்டி கொண்டுவந்திருந்தார். தவளை டாக்டர் எழுந்து, தொண்டையைச் செருமி, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். கீழே சதுப்பு காய்ந்துகொண்டே வருகிறது, வாய்க்கால்தான் அதன் தண்ணீரை எல்லாம் உறிஞ்சி ஓடையில் விடுகிறது, அதை மூடினால் சதுப்பு பிழைக்கும், பறவையும் தவளையும் திரும்பும் என்றார். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அந்த வாய்க்கால் யாருடைய கையால் இத்தனை வருஷம் இருந்தது என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும்.

"அக்கா என்ன சொல்றாங்களோ அதுதான்," என்றார் பேக்கரிக்காரர்.

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். பூட்ஸ் அக்கா வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினாள். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"மூடிடலாம்," என்றாள்.

கையையும் தூக்கிவிட்டாள். எல்லாருக்கும் ஆச்சரியம். அதிலும் பெரிய ஆச்சரியம் அவளுக்குத்தான். பேக்கரி அம்மா கண்கலங்கி வந்து கட்டிக்கொண்டார். தவளை டாக்டர் நன்றி சொல்ல முயன்று இருமலில் மாட்டிக்கொண்டார். தான் என்ன பெருந்தன்மை செய்துவிட்டோம் என்று புரியாமல் அவள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து சூப்பைச் சுடவைத்தாள், குடிக்க முடியவில்லை. ஏன் சரி என்றோம்? அவர்களைப் பிடித்துப்போனதாலா? முதுகு வலியாலா? அல்லது மாடு மாதிரி இதுவும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்காததுதானா? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எதுவும் பொய் இல்லை. எதுவும் போதவும் இல்லை.

செய்தி தெரிந்ததும் தம்பி கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வாசல் கேட்டிலிருந்து நடந்துவந்த கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? முதுகு ஒடிய வெட்டின வாய்க்கால்! எவனோ தவளைக்காரன் சொன்னான்னு மூடறியா?"

"நீதானேடா எல்லாத்தையும் வித்துடலாம்னு சொன்னே? வித்திருந்தா கம்பெனிக்காரன் வந்து மொத்தமா மூடியிருப்பான்."

"அது வேற."

"எப்படி வேற?"

தம்பி நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான், திரும்பப் போட்டான். "அந்த வாய்க்கால் ஓரமா நான் வாங்கின அடி கொஞ்சமா நஞ்சமா? அதை மூடறாங்கன்னா நான்தான் முதல் ஆளா சந்தோஷப்படணும்," என்றான்.

"படேன்."

"வரமாட்டேங்குதே! எதுக்கு வரமாட்டேங்குதுன்னு கேக்காதே. எனக்கே தெரியல."

அக்கா அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். நிலத்துக்காகச் சண்டை போட்ட காலத்தில் யார் எந்தப் பக்கம் என்பதாவது தெளிவாக இருந்தது. இப்போது அதுவும் இல்லை. போகும்போது அவன், "மூடற அன்னைக்கு நானும் வரேன்," என்றான். தடுக்கவா உதவவா என்று அவளும் கேட்கவில்லை.

அந்த நாள் வந்தது. யந்திரம் எதுவும் வேண்டாம், கையாலேயே மூடலாம் என்று முடிவாகியிருந்தது. எட்டு வீட்டுக்காரர்களும் புது மண்வெட்டியோடு கரையில் நின்றார்கள். சர்வேயர் அம்மாளும் வந்திருந்தார். மூன்று இடத்தில் மண்ணால் அணை போட்டால் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும் என்று இடம் குறித்துக் கொடுத்தார்.

"முதல் மண்ணை அக்கா போடட்டும்," என்றார் தவளை டாக்டர்.

பூட்ஸ் அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். நின்று ஒரு பார்வை பார்த்தாள். ஒரு வருஷமாகத் தொடாமல் விட்டதில் சேறு ஏறியிருந்தது. கோரை மண்டியிருந்தது. குனிந்தாள். ஒரு வீச்சில் கோரையை வேரோடு பெயர்த்துக் கரையில் எறிந்தாள். அடுத்து ஒரு கொத்து. சேற்றை வழித்து எறிந்தாள். மண்வெட்டி போவதும் வருவதும் கடிகாரம் மாதிரி இருந்தது. மறைந்திருந்த தண்ணீர் சலசலவென்று நகர ஆரம்பித்தது. கரையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாருக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை. அவள் பாட்டுக்கு ஓடைப் பக்கமாகத் தூர்வாரிக்கொண்டே போனாள்.

தம்பிதான் இறங்கிப் போனான். நல்ல ஷூ, நல்ல பேன்ட், எல்லாம் சேறு.

"அக்கா," என்று மெதுவாகச் சொன்னான். "மூட வந்திருக்கோம்."

அவள் நிமிர்ந்தாள். பின்னால் சுத்தமாகக் கிடந்த வாய்க்காலைப் பார்த்தாள், கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தாள். "அட கடவுளே," என்றாள். சிரிப்பு பீறிட்டு வந்தது. சிரிக்கச் சிரிக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டு கரையில் சாய்ந்தாள். தம்பியும் சிரித்தான். கரையில் நின்றவர்களுக்குச் சிரிப்பதா, வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. பேக்கரி அம்மா இரண்டையும் செய்தார்.

பிறகு மூடினார்கள். அக்காவால் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க மண் வெட்டிப் போட்டது தம்பி. மண்வெட்டிக்கு உடம்பு வளையாத அந்தத் தம்பியேதான். உள்ளங்கை கொப்புளித்துப் போகும்வரை விடவில்லை.

அதற்கப்புறம் மழைக்காலம். வானம் இருட்டினாலே பூட்ஸ் அக்கா வாசலுக்கு வந்து கிழக்கே பார்ப்பாள். சதுப்பு நிரம்பினால் தண்ணீர் கிழக்கே ஏறி, இப்போது பேக்கரிக்காரர் வீடு இருக்கிற பக்கம்தான் வரும். வாய்க்காலுக்கு அப்பா சொன்ன காரணம் அது. அவளும் நம்பி வந்தது அதுதான். பெருமழை பிடித்த அன்று காலையிலேயே வீடு வீடாகப் போனாள்.

"தரையில இருக்கறதெல்லாம் தூக்கி மேல வைங்க. மாவு மூட்டையை முதல்ல தூக்குங்க. தண்ணி வரும்."

அவள் பேச்சுக்கு மரியாதை இருந்தது. தூக்கி வைத்தார்கள். பேக்கரிக்காரர் மாவு மூட்டைகளைக் கட்டில்மேல் அடுக்கிவிட்டு, மனைவியோடு நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. தண்ணீர் வரவில்லை. மறுநாளும் கொட்டியது. வரவில்லை.

மழை விட்டதும் அக்கா கீழே இறங்கிப் பார்த்தாள். தண்ணீர் கிழக்கே ஏறவே இல்லை. மேற்கே, மேடான புல்வெளி என்று அவள் ஆயுசு முழுக்க நினைத்திருந்த இடத்தில் போய்ப் பரந்து, வானத்தைக் காட்டிக்கொண்டு அமைதியாகக் கிடந்தது. மாடு மேய்ந்த இடம். மழையில்கூடக் கால் நனையாத இடம்.

சர்வேயர் அம்மாளை வரச்சொன்னாள். அவர் மட்டம் பார்க்கிற கருவியை முக்காலியில் நிறுத்தி அங்கேயும் இங்கேயும் பார்த்தார்.

"சரிவு மேற்குப் பக்கம்தான் அக்கா. ரொம்ப லேசா. கண்ணுக்குத் தெரியாது."

"அப்போ வாய்க்கால் இல்லாட்டியும் தண்ணி வீட்டுப் பக்கம் வந்திருக்காதா? இத்தனை வருஷம் நான் வெட்டினது வேஸ்டா?"

"அப்படிச் சொல்ல முடியாது. வாய்க்கால் இருந்ததாலதான் மண்ணு காஞ்சு அந்தப் பக்கம் தாழ்ந்திருக்கலாம். முன்னாடி கிழக்கே ஏறியிருக்கலாம்."

"ஏறியிருக்குமா?"

"இருக்கலாம்."

தவளை டாக்டரைக் கேட்டாள். அவர் நேர்மையான மனுஷன். "எனக்குத் தெரியாது அக்கா. பேக்கரி வீட்டுக்குத் தண்ணி வந்துடுமோன்னு நானும் பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன்," என்றார். தம்பியைக் கேட்டாள். "அப்பாவுக்காவது தெரிஞ்சிருக்குமா?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அது அவள் எதிர்பாராத கேள்வி. அப்பா அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதை யாராவது அளந்து பார்த்தார்களா என்ன?

அதற்குப் பதில் கடைசிவரை கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் அவளுக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. ஆளைத் தேடிப் பார்த்தாள், ஒருவரும் பொருந்தவில்லை. தண்ணீர்மேல் கோபப்படலாமென்று போய் நின்றால், அங்கே நீளக்கால் பறவை இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. அவள் பார்த்தே இராத பறவை. அவற்றின் பெயரை டாக்டர் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிட்டாள்.

வருஷங்கள் போயின. தம்பி விடுமுறை நாட்களில் வந்து போகிறான். தண்ணீர் ஓரம் போய் நிற்பான், திரும்பி வருவான். என்னடா என்றால், "சும்மா," என்பான். அவளுக்கு முதுகு வலி குறைந்தது. தூக்கம் கூடியது. பேக்கரியில் காலை நேரம் மாவு பிசைய உதவிக்குப் போக ஆரம்பித்தாள். கைகளுக்கு அது பிடித்திருந்தது. இதுவும் பின்னால் ஒருநாள் பிடிக்காததாகத் தெரியவருமோ என்ற சந்தேகம் மட்டும் அவ்வப்போது எட்டிப் பார்க்கும்.

போன வாரம் யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்த ஒரு பெண் நீர்க்கரையில் அவளைப் பார்த்து, "எவ்வளவு அழகா இருக்கு! ஆதியிலேருந்தே இப்படித்தான் இருக்கா?" என்று கேட்டாளாம்.

"ஆமா," என்றாளாம் பூட்ஸ் அக்கா. கொஞ்சம் யோசித்து, "இல்ல," என்றாளாம். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பக்கம் சேறு, பார்த்து நடங்க," என்று சொல்லி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மேட்டுக்கு ஏற்றிவிட்டாளாம்.